விதோயேயின் வலது முட்டி

பதினேழு வருடப் பழக்கத்தில் விதோயே நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்த நாட்கள் குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்தால் அடுப்போரம் சாய்ந்து நின்றுதான் காபி குடிப்பார். தன் வீட்டில் சாப்பாடே நின்றபடிதான். அவர் என் மனைவி தெசாங்காவின் அண்ணன். ஹங்கேரி எல்லையை ஒட்டிய எங்கள் சொம்போர் ஊரில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் கஃபானா என்கிற சாப்பாட்டு, மது விடுதியில் முப்பது வருடமாகச் சர்வர். மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிற்பதுதான் தன் உத்தியோகம் என்பார்.

அந்த உத்தியோகம்தான் முட்டியைத் தின்றது. இடது கையில் தட்டு, வலது காலை ஊன்றி ஒரு திருப்பம், மேசைகளுக்கு நடுவே நுழைந்து அடுத்த திருப்பம். இப்படியே திரும்பித் திரும்பி வலது முட்டிக்குள் குருத்தெலும்பு ஒரு காசு அகலத்துக்குத் தேய்ந்து, அடியிலிருந்த எலும்பு தெரிந்தது. உள்ளூர் மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, ஐம்பத்தோரு வயதில் செயற்கை மூட்டு வைத்தால் எழுபதுக்குள் இன்னொன்று வைக்க வேண்டிவரும், தாங்குகிறவரை தாங்குங்கள் என்றார். கஃபானா முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் நொண்டுகிற சர்வரைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் தாங்களே எழுந்து போய் பீர் எடுத்துக்கொள்கிறார்கள், வசந்தகாலத்துக்குள் ஏதாவது வழி பண்ணு என்று சொல்லியிருந்தார்.

வழி பண்ணியது விதோயேவின் மகன் ஒக்னென். டப்ளினில் பேருந்து ஓட்டுகிறான். புடாபெஸ்ட்டில் ஒரு மருத்துவமனையைக் கண்டுபிடித்து, வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அனுப்பிவிட்டான். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி, அதிலிருந்து ஸ்டெம் செல்களைத் திரட்டி, மெல்லிய சவ்வொன்றில் ஊறவைத்து, இரண்டு சின்னத் துளை வழியாகவே முட்டிக்குள் கொண்டுபோய் ஒட்டிவிடுவார்கள். கத்தியால் பிளப்பது இல்லை, தையல் இரண்டோ மூன்றோ. இதைத் தொலைபேசியில் கேட்ட விதோயே, "என் இடுப்பத் தோண்டி என் முட்டிய அடைக்கறாங்களா? நம்ம ஊர் நகராட்சி ரோடு போடுற மாதிரில்ல இருக்கு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. காகிதங்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் அவற்றை வாசித்துச் சொல்லும் வேலை என்னுடையது. விதோயேவுக்குத் தெரிந்த ஹங்கேரிய மொழி, மேசையில் என்ன கேட்கிறார்கள் என்று புரிகிற அளவுக்குத்தான். காகிதங்களில் "கூடும்" என்கிற சொல் அடிக்கடி வந்தது. வளரக்கூடும், ஒட்டாமலும் போகக்கூடும், மறுபடி செய்ய வேண்டிவரக்கூடும். மறுபடி செய்ய ஒக்னெனிடம் இன்னொரு வீடு இல்லை.

அக்டோபர் தொடக்கத்தில் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் அவருக்குக் கடைவாய்ப்பல்லில் சீழ் கட்டிக்கொண்டது. உடம்பில் எங்கே சீழ் இருந்தாலும் மூட்டைத் தொடமாட்டோம் என்று மருத்துவமனை கைவிரித்தது. பல்லைப் பிடுங்கி, புண் ஆறி, புதுத் தேதி வந்தபோது நவம்பர் கடைசி ஆகிவிட்டது. ஒரு பல் எங்கள் எல்லோரையும் எங்கே கொண்டுவந்து விட்டது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அவருடைய கூம் திமோத்தியேதான் வண்டி ஓட்டினார். கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர் கூம்; இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவனுக்கு ஒரு படி மேல். வழியெல்லாம் அவர் விதோயேவைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

அறுவை மருத்துவர் ஒல்லியான ஹங்கேரியப் பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசினார். விதை போடுவது தன் வேலை, முளைப்பதைப் பிடித்து இழுக்கத் தன்னால் ஆகாது, நிறையப் பேருக்குப் பிடித்திருக்கிறது, பிடிக்காமல் போனவர்களும் உண்டு என்றார். அவர் கையில் இல்லாத ஒன்று நோயாளி கையில் இருந்தது. ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. ஒட்டிய இடம் அதுவரை ஈரச்சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி. ஒரு திருப்பம் போதும் பெயர்ந்துவர.

நான் மொழிபெயர்த்து முடித்தேன். விரல்விட்டு எண்ணியது திமோத்தியே.

"கூம், நிக்கோலா நாள் இதுக்குள்ள வந்துருதுடா."

எங்கள் ஊரில் விதோயேவின் சபையைச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாள்தான் அந்த வீட்டின் ஸ்லாவா. அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. அன்றைக்கு வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. மெழுகுவர்த்தி எரிகிறவரை நின்று வரவேற்கவேண்டும், நின்று ஊற்றவேண்டும், நின்று வழியனுப்பவேண்டும். விதோயேவின் புனிதர் நிக்கோலா, டிசம்பர் பத்தொன்பது.

மருத்துவரிடம் இதைச் சொன்னேன். ஒரு வருடம் உட்கார்ந்து கொண்டாடட்டுமே என்றார் அவர். விதோயே மரியாதையாகப் புன்னகைத்தார். பட்டியலில் இல்லாத பண்டத்தைக் கேட்கிற வாடிக்கையாளரிடம் காட்டும் புன்னகை அது.

அறுவை நன்றாகவே நடந்தது. காலையில் உள்ளே போனவர் மாலையில் முட்டியில் கட்டும் இடுப்பில் ஒரு பிளாஸ்திரியுமாகப் படுத்துக்கொண்டு, மருத்துவமனைப் பணியாள் தட்டைப் பிடிக்கிற விதம் சரியில்லை என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பி, அவர் ஊன்றுகோல்களோடு பழகத் தொடங்கினார். நான் தினமும் வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். கால் தரையில் படுகிறதா என்று பார்ப்பேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "மாப்ளே, நீ பாக்குற பார்வையிலயே அது பேந்து வந்துரும் போல" என்பார்.

பிரச்சினை நிற்பது மட்டுமில்லை. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் கிடையாது. தெரிந்தவர்கள் தாங்களே வருவார்கள். அழைக்காதவர்களை வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உள்ளூர்ப் பத்திரிகையில், இந்த வருடம் இந்த வீட்டில் ஸ்லாவா இல்லை என்று அறிவிப்புப் போடலாம் என்று தெசாங்கா சொன்னாள். அப்படி அறிவிப்பு வருவது துக்க வீட்டிலிருந்துதான். விதோயேவின் மனைவி ஸ்மில்யா ஒரே வரியில் அதை முடித்துவிட்டார்.

"செத்தது யாருன்னு கேப்பாங்க. முட்டின்னு சொல்லவா?"

ஒக்னென் வந்து அப்பாவுக்குப் பதிலாக நின்றால் சரியாகிவிடும். கிறிஸ்துமஸ் நேரத்தில் பேருந்து ஓட்டுநருக்கு விடுப்பு கிடையாது. கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை. நான் நிற்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். விதோயே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்குப் புனிதரே கெடையாதே மாப்ளே. ஒருத்தர வாடகைக்கு எடுக்கப் போறியா?"

கேலிதான். ஆனால் உண்மையும் அதுதான், நான் அந்தச் சபையில் பிறந்தவன் இல்லை. தங்கை புருஷன் அந்த வரிசையிலேயே வரமாட்டான். கூமும் முடியாது, அவர் விருந்தாளிகளில் முதல்வர். பாதிரியார் வந்து, தாராளமாக உட்கார், புனிதர் உன் முட்டியைப் பார்க்கமாட்டார் என்று அனுமதியே கொடுத்தார். விதோயே அவருக்கு நன்றி சொல்லி வாசல்வரை ஊன்றுகோலில் போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "அவர் நல்லவரு, அதனால சொல்றாரு" என்றார், ஏதோ குறை சொல்வதுபோல.

கடைசியில் வழி கண்டுபிடித்தது திமோத்தியே. கஃபானாவின் மதுமேடையிலிருந்து உயரமான முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் பிட்டத்தை லேசாகச் சாய்த்துக்கொண்டு இடது காலில் நின்றால், பார்க்கிறவர்களுக்கு நிற்பது, மருத்துவருக்கு உட்கார்வது. நான் புடாபெஸ்ட்டுக்குத் தொலைபேசியில் கேட்டேன். எடை வலது காலில் இறங்காதவரை சரி என்றார்கள். இரண்டு பேரிடம் சொல்லி இரண்டு தடவை கேட்டேன்.

ஸ்லாவா அன்றைக்கு மூடுபனி. முற்றத்தில் திமோத்தியே கொப்பரையில் கெண்டையும் கெளுத்தியும் போட்டு மிளகாய்த்தூள் சிவக்க மீன்குழம்பு காய்ச்சினார். நோன்புக் காலம், இறைச்சி கிடையாது. பாதிரியார் வந்தார், சடங்கு ரொட்டியை விதோயேவும் அவருமாகச் சுழற்றி உடைத்தார்கள், மெழுகுவர்த்தி எரிந்தது. பிறகு விருந்தாளிகள். ஒவ்வொருவரும் வாசலில் நின்று ஒரு கரண்டி வேகவைத்த கோதுமை, ஒரு கிண்ணம் ராக்கியா என்கிற பழச்சாராயம். விதோயே கருப்புக் கோட்டில், கையில் வெள்ளைத் துணியோடு, முக்காலியில் சாய்ந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல்கள் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தன. கொக்கு என்று யாரோ பெயர் வைத்தார்கள். மீன் வாசனைக்கு வந்திருக்கிறது என்றார் இன்னொருவர். கஃபானா முதலாளியும் வந்தார், மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார், திருப்தியானதுபோல உட்கார்ந்தார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கும்வரை வலது கால் ஒரு தடவைகூடத் தரையில் படவில்லை. நான் அன்றைய முதல் கிண்ணத்தை எடுத்தேன்.

ஸ்மில்யா முற்றத்திலிருந்து இரண்டாம் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விளிம்புவரை கொதிக்கிற குழம்பு. சுவரில் சாய்ந்திருந்த ஊன்றுகோல்களில் ஒன்று எப்போது வழுக்கிக் கீழே விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஸ்மில்யாவின் பாதம் அதில் இடறியது. சட்டி கையைவிட்டு முன்னால் போனது. நான் கையை நீட்டினேன். அதற்குள் விதோயே அங்கே இருந்தார். முக்காலியிலிருந்து இறங்கி, வலது காலை ஊன்றி, அதே பழைய திருப்பம். வெள்ளைத் துணி சட்டியின் ஒரு காதில், வெறும் உள்ளங்கை அடியில். சட்டி ஒரு தடவை ஆடி நின்றது. மேசையில் வைத்தார்.

அடுத்து வீடே கைதட்டியது. முதலாளி எழுந்து நின்றே தட்டினார். பாருங்கள், புடாபெஸ்ட்டில் என்ன செய்துவிட்டார்கள் என்று, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். ஒருவர் அந்த மருத்துவப் பெண்மணியின் நலத்துக்குக் குடிக்கச் சொன்னார். எல்லோரும் குடித்தார்கள். இன்னொருவர் தன் தோள்பட்டைக்கும் அங்கே செய்வார்களா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

விதோயே என் தோளைப் பிடித்து முக்காலிக்குத் திரும்பினார். பிடி வலித்தது.

"உள்ள ஏதோ நகந்துச்சு மாப்ளே. தெசாங்காகிட்ட சொல்லாத."

"உக்காருங்க மச்சான். இப்பவாவது உக்காருங்க."

"மெழுகுவத்தி எரியுதே."

நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. என்னால் செய்ய முடிந்தது அது உருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். கடைசி விருந்தாளியும் போனபின் அவர் அதைத் திராட்சை மதுவால் அணைத்தார், பிறகுதான் உட்கார்ந்தார். அப்போது காற்சட்டையைக் கழற்ற முடியாத அளவுக்கு முட்டி வீங்கியிருந்தது. ஸ்மில்யா கத்தரிக்கோலால் துணியை வெட்டினார்.

பனிக்கட்டி வையுங்கள், ஊன்றாதீர்கள், வீக்கம் வடிந்ததும் வாருங்கள் என்றது மருத்துவமனை. ஜனவரிக் கடைசியில் அதே வண்டியில் போனோம். இந்தத் தடவை திமோத்தியே யாரையும் சீண்டவில்லை. மருத்துவர் படத்தைத் திரையில் காட்டினார். சவ்வின் ஒரு ஓரம் பெயர்ந்திருந்தது. மறு ஓரம் பிடித்திருக்கிறது. பிடித்தது பரவலாம், பரவாமலும் போகலாம், கோடை முடிவில் இன்னொரு படம் எடுத்தால்தான் தெரியும், அதுவரை எந்த மருந்தும் இதற்கு இல்லை என்றார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

விதோயே என் முழங்கையைத் தொட்டார். "ஒரு சொட்டு சிந்தலன்னு சொல்லு."

சொன்னேன். மருத்துவர் அவரைப் பார்த்தார். கோபமாக இல்லை. விழுந்தால் விழட்டும் என்று விட்டிருக்கலாமே என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

விதோயே திரையில் இருந்த முட்டியைப் பார்த்தார், யாருடையதோ போல. "விடத் தெரியலன்னு சொல்லு."

வசந்தம் வந்தது. முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் அதே உயரமான முக்காலியைப் போட்டு உட்காரவைத்திருக்கிறார், கோடைவரை பார்க்கலாம் என்று. சர்வராக ஒரு புதுப் பெண்ணைச் சேர்த்திருக்கிறார். அவள் கெட்டிக்காரிதான், ஆனால் தட்டை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்கிறாள். நான் வேலை முடிந்து அங்கே போய், கல்லா தெரிகிற மேசையில் காபி சொல்லிவிட்டு உட்காருகிறேன். எங்காவது கண்ணாடி கிளிங் என்றால் விதோயேவின் வலது பாதம் முக்காலிக் கம்பியிலிருந்து இறங்கிவிடுகிறது. நுனி தரையைத் தொடுகிறது. சில சமயம் உடனே மேலே போகிறது, சில சமயம் அங்கேயே நிற்கிறது. நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.