வானிலை பார்த்த ராஜா படம்

அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் ‘வானிலை’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியின் அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல், அதன் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேஜை. பத்தொன்பது வருடமாக அவருடைய இடம் அதுதான். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், கோப்புகளை எடுத்துப் போய்க் கொடுக்க வேண்டும், பதினோரு மணிக்குக் காபி கொண்டுபோக வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் காபிக் கோப்பை திரும்பி வரும்போது அதை அவர் டாக்டர் நாக்கைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அடிவரை காலியாகியிருந்தால் முதலாளி நல்ல மனநிலையில் இருக்கிறார். பாதி மிச்சமிருந்தால் போனில் யாரோ எரிச்சலூட்டியிருக்கிறார்கள். தொடாமலே திரும்பினால் அன்றைக்கு அந்த அறைக்குள் ஈ கூட நுழையக் கூடாது.

முதலில் இதை இரண்டொருவருக்குக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வாய் வலிக்கிறது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நல்ல நாளென்றால் கோப்பையை மேஜைமேல் நிமிர்த்தி வைப்பார். ஆகாத நாளென்றால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுச் சாசரில் கவிழ்த்து வைப்பார். லீவு கேட்கிறவர்களும் கையெழுத்து வாங்க வருகிறவர்களும் தாழ்வாரத் திருப்பத்தில் நின்று தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, வருவதா திரும்புவதா என்று முடிவு செய்துகொள்வார்கள். இதை அவர் அதிகாரம் என்று நினைத்ததில்லை. உதவி என்றே நினைத்திருந்தார். உதவுகிற கையால் உதவாமலும் இருக்க முடியும் என்பதை யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஸ்டோர் கீப்பருக்கு இடமாற்றம் வேண்டும். மனைவி வேலை பார்ப்பது வேறு ஊரில். கம்பெனிக்கு அங்கே ஒரு கிளை இருந்தது. இரண்டு வருடமாகப் பிரிந்திருக்கிறார்கள். கைக்குழந்தை அப்பாவைப் பார்த்தால் அழுகிறதாம். விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாகக் கோப்பையைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தான். இதே ஸ்டோர் கீப்பர்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் கேன்டீனில் எல்லோர் முன்னிலையிலும், “நம்ம வானிலை அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தா என்ன குடுப்பாங்க? ஸ்டூலுக்கு முதுகு வச்சுக் குடுப்பாங்க” என்று சொல்லிச் சிரிக்கவைத்தவன். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்தது வாய் மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காபி தொடாமலே வந்தது. அவர் அதைக் கொட்டிவிட்டுக் கோப்பையை நிமிர்த்தி வைத்தார்.

ஸ்டோர் கீப்பர் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. “இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தா வேலைய விட்டுப் போயிடுன்னுட்டார்ண்ணே. பரவாயில்ல. உங்க தயவுல உள்ளயாவது போய்ச் சொல்ல முடிஞ்சுது” என்றான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி அவரைப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போக முடியாமல் கொடுத்த டிக்கெட். ஏதோ பழைய காலத்து ராஜா படம். ராஜாவுக்கு மலச்சிக்கல். தினமும் காலையில் அவருடைய மலப் பாத்திரத்தைச் சுமந்து வெளியே வரும் வேலைக்காரனுக்காக மந்திரிகளும் தளபதிகளும் வரிசையில் காத்திருப்பார்கள். அவன் தலையாட்டினால் உள்ளே போவார்கள். உதட்டைப் பிதுக்கினால் போர்கூட அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என்னங்க, உங்க கதையத்தான் எடுத்திருக்காங்க.”

“ஏம்மா, நான் தூக்குறது காபிக் கப்பு.”

“ஆமாமா. ஒண்ணு உள்ள போறது, ஒண்ணு வெளிய வர்றது. அவ்வளவுதானே வித்தியாசம்.”

அவரும் வாய்விட்டுச் சிரித்தார். இடைவேளை வரைக்கும் சிரித்தார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு சமையல்காரன் அந்த வேலைக்காரனைப் பார்த்து, கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் வா என்று கூட்டத்தில் சொல்லிவிடுகிறான். மறுநாள் பாத்திரம் காலியாக வருகிறது; ராஜா கடுங்கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். வேலைக்காரன் சமையல்காரனைப் பார்த்துத் தலையாட்டுகிறான். சமையல்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே போகிறான். தலை போகிறது. அரங்கமே அதிர்ந்தது. வானிலை சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ராஜா சூப் கேட்கிறார். சபை கூரையைப் பார்க்கிறது.

“சமையல்காரன் எங்கே?”

“அவனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, அரசே.”

“தலைவலியா?”

“இல்லை அரசே. இனி அவனுக்குத் தலைவலி வராது.”

ராஜாவுக்கு எதுவும் நினைவில்லை. காலையில் கோபப்பட்டதே நினைவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, “கடைசில ஏன் உம்முனு ஆயிட்டீங்க?” என்று கேட்டாள். படம் நீளம் என்றார். அது பொய்யுமல்ல, கடைசி அரை மணி நேரத்தை வெட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை கோப்பை அடிவரை காலியாக வந்தது. அவர் அதை மேஜையில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே ஸ்டோருக்கு நடந்தார். ஸ்டோர் கீப்பர் ஏணிமேல் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“இறங்கி வாப்பா. விண்ணப்பத்த எடுத்துட்டு இப்பவே போ.”

“எதுக்குண்ணே? வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போச்சே. மறுபடி போனா வேலையும் போயிடும்.”

“அவருக்கு ஞாபகம் இருக்காது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இங்கே அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் ஏணியை விட்டு இறங்கப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும். அதன்பிறகு அவர் வெறும் ஸ்டூல்காரர்.

“அன்னிக்கு அவர் காபியத் தொடவே இல்ல. தெரிஞ்சுதான் நிமித்தி வச்சேன். நீ கேன்டீன்ல பேசினது உறுத்திட்டே இருந்துச்சு.”

ஸ்டோர் கீப்பர் ஏணியிலிருந்தே குனிந்து பார்த்தான்.

“கேன்டீன்ல நான் என்ன பேசினேன்?”

அவர் சொன்னார். அவனுக்கு நினைவு வரவில்லை.

பிறகு இறங்கி வந்து அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி உள்ளே பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவர் பின்னால் போனார்.

கதவுக்குள் போனவன் பத்து நிமிடம் கழித்து வந்தான். “அடுத்த மாசத்திலேருந்து போகச் சொல்லிட்டார். முன்னாடியே ஏன் கேக்கலன்னு திட்டு வேற” என்றான். நாலடி போய்த் திரும்பினான். “கப்பு விஷயத்த நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவே மாட்டேன்னும் சொல்லல.”

“சரிப்பா” என்றார் அவர்.

கோப்பையைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பினார். சிறிது நேரத்தில் தட்டச்சு செய்கிற அம்மா தாழ்வாரத் திருப்பத்தில் தலையை நீட்டினாள். மேஜை காலியாக இருந்தது.

“கப்பு எங்கண்ணே?”

“கழுவி வச்சாச்சும்மா.”

“அப்ப நான் போறதா, வேணாமா?”

“கதவத் தட்டிக் கேட்டுப் பாரு.”

அவள் அவரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.