நோன்பு மாதத்து நத்தார் விருந்து

பதியுதீனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அதற்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும். பெரும்பாலும் அது திறப்பதில்லை. கொம்பனித்தெருவில் வாவிக்கரையோரம் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தேயிலைக் கம்பனியில் அவர் கப்பல் கணக்கு எழுதும் கிளார்க். அந்த மேசைக்கு வந்த நாளிலிருந்து அவருடைய காது எத்தனையோ தடவை சிவந்து தணிந்திருக்கிறது. வாய் திறந்தது ஒரு நத்தார் விருந்தில்தான். அந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கே காது சுடுகிறது.

கம்பனியில் வருஷா வருஷம் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய வாரம் ஒரு மதியச் சாப்பாடு உண்டு. தேயிலைப் பெட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, வெள்ளைத் துணி விரிப்பார்கள். தலைமாட்டில் ஹாலம் துரை இருப்பார். அவருக்கு இரண்டு பக்கமும் பறங்கி மிஸ்மார், சிங்கள ஐயாமார், தமிழ்க் கிளார்க்குகள், முஸ்லிம் கிளார்க்குகள் என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். மற்ற நாட்களில் தலையை நிமிர்த்திப் பார்க்காத துரை, அன்றைக்கு மட்டும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "பதியுதீன், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளும்" என்று கிண்ணத்தைத் தன் கையாலேயே நகர்த்தி விடுவார். பதியுதீனுக்கு நத்தாரோடு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தக் கிண்ணம் தன் பக்கம் நகர்ந்து வருகிற நேரத்தில், தானும் இந்தக் கம்பனியின் ஆள்தான் என்று அவருக்கு ஒரு நிறைவு வரும். வருஷத்தில் அந்த ஒரு மணித்தியாலத்துக்காக மற்ற நாட்களின் ஏச்சையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று மனைவி பலீலாவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் நோன்பு மார்கழியில் வந்தது. பிறை யாருடைய கலண்டரையும் பார்த்துக்கொண்டு பிறப்பதில்லை.

கம்பனியில் இன்னொரு வழக்கம் இருந்தது. துரையோடு நேரே கதைக்க யாருக்கும் உரிமை இல்லை. லீவு வேண்டுமா, சுகமில்லையா, வீட்டில் யாரும் மௌத்தா, எதுவானாலும் பெரிய கிளார்க் சந்தியாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அவர் கதவைத் தட்டி உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து பதிலைச் சொல்லுவார். சந்தியாப்பிள்ளை கொட்டாஞ்சேனைக்காரர். விடியற்காலைப் பூசை தவறாதவர்; கத்தோலிக்கர் என்றால் அவரைப்போல இருக்க வேண்டும் என்று கோயிலில் பேர் எடுத்தவர். துரையின் அறைக் கதவுக்கு வெளியே தன் மேசையைப் போட்டு, அந்தக் கதவுக்கே தான்தான் பூட்டும் திறப்பும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார்.

துரை அந்த வருஷம் முதலில் விருந்துக்கு டிசம்பர் இருபத்துநாலாம் திகதியைக் குறித்தார். சந்தியாப்பிள்ளை உடனே எழுந்து உள்ளே போனார். நத்தாருக்கு முந்திய நாள் கத்தோலிக்கருக்குச் சுத்தபோசனம், இறைச்சி தொட மாட்டோம் என்று எடுத்துச் சொன்னார். துரையும் மறுபேச்சில்லாமல் முந்திய வாரத்து வியாழக்கிழமைக்கு மாற்றினார்.

இதைக் கேள்விப்பட்டபோது பதியுதீனுக்குச் சந்தோஷம்தான் வந்தது. விரதம் என்றால் என்னவென்று தெரிந்த மனுஷன், நம்முடைய கஷ்டமும் விளங்கும் என்று நினைத்தார். பாவம்.

"சேர், ஒரு சின்ன விஷயம்" என்று அன்றைக்கே போய்ச் சந்தியாப்பிள்ளையின் மேசைக்கு முன்னால் நின்றார். "எங்கட ஆக்களுக்கு நோன்பு. இந்த விருந்த அந்திக்கு, பாங்கு சொன்னதுக்குப் பொறகு வெச்சா, நாங்களும் எல்லாரோடயும் ஒக்காந்து சாப்பிடலாம். துரைட்ட ஒரு சொல்லு சொல்லிப் பாருங்க சேர்."

"பாப்பம்" என்றார் சந்தியாப்பிள்ளை.

மறுநாள் கூப்பிட்டனுப்பினார். "துரை ஏலாது எண்டிட்டார். நத்தார் விருந்தெண்டால் மத்தியானம்தானாம்" என்றார். பதியுதீன் திரும்பப் போனபோது, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல மேலும் சொன்னார்: "இந்த முறை விருந்து ஏற்பாடெல்லாம் நீர்தான் பாக்க வேணும், பதியுதீன். நீர் சாப்பிடப் போறேல்லத்தானே? ஆற அமர நிண்டு கவனிக்கலாம்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! பசியோடு இருக்கிறவனைப் பார்த்து, நீ சும்மாதானே நிற்கிறாய், எங்களுக்குச் சோறு போடு என்கிறார். பதியுதீனின் இரண்டு காதும் சிவந்தன. "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தெஹிவளைக்கு ரயிலில் போய் இறங்கி, நோன்பு திறந்து, கஞ்சியைக் குடித்து முடித்த பிறகுதான் வீட்டில் கொட்டித் தீர்த்தார். பலீலா முழுவதையும் கேட்டுவிட்டு, "நோன்பு ஒங்கட வயித்துக்கா, நாக்குக்கா? கிழக்க வெளுத்தா நாக்கையும் சேத்துப் பூட்டிர்றீங்க. நீங்களே போய்த் துரைட்டக் கேட்டா என்னவாம்?" என்றாள்.

"அப்படிக் கேக்குற வழக்கமில்ல."

"அவங்கட சுத்தபோசனத்துக்கு நாளயே மாத்தலாம். நம்மட நோன்புக்கு நேரத்த மாத்துற வழக்கமில்ல. நல்ல வழக்கம்!" என்று அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தொடங்கியது தலையிடி. வெள்ளவத்தை நாகேந்திரம் சுத்த சைவம். கணக்குப் பகுதியில் பதியுதீனுக்கு அடுத்த மேசையில் இருப்பவர், நல்ல மனுஷன்தான். ஆனால் அவருடைய சாப்பாடு வெள்ளவத்தைச் சைவக் கடையிலிருந்துதான் வர வேண்டும், இறைச்சிச் சட்டியிலிருந்து நாலடியாவது தள்ளி வைக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே கரண்டி போடக்கூடாது. பறங்கி மிஸ்மாருக்கு நத்தாரென்றால் பன்றித்தொடை இல்லாமல் இருக்கக்கூடாது. புரியாணி ஆக்குகிற நிலாமோ, அந்தச் சாமான் இருக்கிற மேசைக்குத் தன் சட்டி ஏறாது என்று சத்தியம் பண்ணினான். கடைசியில் அந்தச் சாமானைப் பெட்டிகளுக்குப் பின்னால் தனி மேசையில் வைக்க முடிவாயிற்று. அதைக் கேட்ட மிஸ் ஒருத்தி, நத்தார் யாருடைய பெருநாள் என்று பதியுதீனிடமே கேட்டாள். உட்காரக் கதிரை போதவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பாக வைக்கிற வட்டலப்பத்துக்குச் சொன்ன ஆள் நோன்புக் காலத்தில் முட்டை உடைக்க நேரமில்லை என்று கையை விரித்தான். பதியுதீன் தொண்டை காயக் காய, வெயிலில் எல்லா இடத்துக்கும் நடந்தார். தான் ஒரு கவளமும் தொடப் போகாத விருந்துக்காக!

வியாழக்கிழமை காலையில் நிலாமின் வீட்டு வளவுக்குப் போனார். அது கம்பனிக்குப் பின்னால், அடுத்த ஒழுங்கையில் இருந்தது. அடுப்பில் பெரிய சட்டி. வாசம் தெருமுனை வரைக்கும் போயிருந்தது. நிலாம் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையாக நின்றான்.

"நானா, உப்புப் பாக்க ஆளில்ல" என்றான். பதியுதீனை அவன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

கல்யாண வீடுகளுக்கெல்லாம் புரியாணி ஆக்குகிறவன் அவன். ஆனால் நோன்பு மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே பகலில், நோன்போடு, அவன் கையால் ஒரு புரியாணிச் சட்டி இறங்கியது அதற்கு முன்னால் இல்லை. மற்ற நாட்களில் உப்பை முதலில் குறையப் போட்டு, வாயில் வைத்துப் பார்த்துத்தான் அவன் சரிபண்ணுவான்.

"நாக்கு நுனில வெச்சுத் துப்பினா நோன்பு முறியாது எண்டு சொல்லுவாங்கதானே" என்றார் பதியுதீன்.

"முறியாதுதான். ஆனா வேற ஆக்கள் பகல்ல திங்கிற சோத்துக்கு நான் என்னத்துக்கு என்ட நோன்போட விளயாடணும்? நீங்க பாருங்களே."

பதியுதீன் சட்டியைப் பார்த்தார். சந்தியாப்பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. "நானும் பாக்க மாட்டேன்" என்றார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னதும் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

சட்டி கம்பனிக்கு வந்து சேர்ந்ததும் நாகேந்திரத்திடம் கேட்டுப் பார்த்தார். "நான் மச்சம் மாமிசம் தொட மாட்டன் எண்டு தெரிஞ்சுகொண்டே கேக்கிறீங்களே, பதியுதீன்!" என்று அவர் இரண்டடி பின்னால் போனார். பியோன் இராமர் பக்கத்தில்தான் நின்றான். மலைநாட்டிலிருந்து வந்து கம்பனிப் பெட்டிகளோடேயே வாழ்கிற மனுஷன். "குடுங்கய்யா, நான் பாத்துச் சொல்றேன்" என்று கையை நீட்டினான். பதியுதீன் மூடியைத் திறந்த நேரத்தில் சந்தியாப்பிள்ளை வந்துவிட்டார்.

"என்ன கூத்து இது? துரை கை வைக்க முதல் பியோன் வாய் வைக்கிறதோ?"

"உப்பு மட்டும் பாக்கத்தான் சேர். அப்ப நீங்களாவது பாருங்க."

"நானும் துரைக்கு முந்தித் தொட மாட்டன். மரியாதை எண்டு ஒண்டு இருக்கு. மூடும்."

பதியுதீன் மூடினார். இராமர் நீட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கதிரைகளை அடுக்கப் போனான். ஒரு சட்டிக்குச் சுற்றிவர இத்தனை பேர் நின்றும் ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை படவில்லை.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். பதியுதீன் வழக்கமாக உட்காருகிற கதிரையில் துறைமுகத்திலிருந்து வந்த யாரோ ஒரு விருந்தாளி இருந்தார். மற்ற முஸ்லிம் கிளார்க்குகள் மேல்மாடியில் தலையைக் குனிந்துகொண்டு கணக்கு எழுதினார்கள். பதியுதீன் மட்டும் பெரிய கரண்டியோடு துரையின் கதிரைக்குப் பின்னால் நின்று பரிமாறினார். பரிமாற ஆள் போதவில்லை என்று சந்தியாப்பிள்ளைதான் கரண்டியைக் கையில் கொடுத்திருந்தார்.

துரை ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு, வளர்ப்பு நல்லதாகையால், சிரித்த முகத்தோடு விழுங்கினார். மிஸ்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துறைமுகத்து விருந்தாளிக்கு அவ்வளவு பண்பு இல்லை, "உப்பு!" என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் உப்புக் கேட்டார்கள். மேசையில் உப்பு இல்லை. நிலாமின் புரியாணி வருகிற மேசையில் தனியாக உப்பு வைக்கிற பழக்கமே அங்கே இருந்ததில்லை. இராமர் உப்புத் தேடி வெளியே ஓடினான்.

சந்தியாப்பிள்ளை மேசையின் மறுகோடியிலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழில் சத்தம் போட்டார்.

"பதியுதீன்! ருசி பாக்காமலோ இதைக் கொண்டந்து வைச்சனீர்?"

விடிய முன்னம் ஸஹர்ச் சாப்பாட்டுக்கு எழுந்ததிலிருந்து எச்சில் விழுங்கவும் யோசித்த மனுஷன். இந்தச் சோற்றுக்காக வெயிலில் அலைந்து, பன்றித்தொடைக்கு இடம் பார்த்து, இராமரின் கையைத் தடுத்ததையும் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷன். அவரைப் பார்த்து, அத்தனை பேருக்கும் முன்னால், ருசி பார்க்கவில்லையா என்று கேள்வி. காது சிவந்தது. அன்றைக்கு வாயும் திறந்தது.

"ஆறு மணிக்கு வாங்க சேர். அப்ப ருசி பாத்துச் சொல்றேன்."

தமிழ் தெரிந்தவர்களின் கை அப்படியே நின்றுவிட்டது. நாகேந்திரம் தன் தனி மேசையில் புரைக்கேறி இருமினார். பதியுதீன் என்ன சொன்னார் என்று துரை கேட்டார். சந்தியாப்பிள்ளை ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். நாகேந்திரம் தண்ணீர் குடித்துவிட்டு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்: முஸ்லிம்களுக்கு இது நோன்பு மாதம், பொழுது பட்ட பிறகுதான் வாயில் ஏதும் வைப்பார்கள்.

"நோன்பா? இன்றைக்கா?" துரையின் நீல விழிகள் விரிந்தன. "எனக்கு யாரும் சொல்லவேயில்லையே?"

பதியுதீன் சந்தியாப்பிள்ளையைப் பார்த்தார். சந்தியாப்பிள்ளை தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். பிறகு அந்த உப்பில்லாத புரியாணியை அவசர அவசரமாக அள்ளிச் சாப்பிடத் தொடங்கினார். துரை ஏலாது என்று சொன்னது பொய். கேட்கவே இல்லை! கதவைத் தட்டக்கூட இல்லை. துரை மறுத்திருந்தால் மனசு ஆறியிருக்கலாம், ஒரு சொல்லுக்குக்கூடப் பெறுமதி இல்லாத ஆட்களாக நினைத்துவிட்டாரே என்பதுதான் பதியுதீனின் நெஞ்சை அறுத்தது. துரையும் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. அப்படியா என்று இரண்டு தரம் தலையாட்டினார். அதற்குள் இராமர் உப்போடு வந்துவிட்டான். துரை தூவிக்கொண்டு சாப்பிட்டார்.

அந்தியில் முஸ்லிம் கிளார்க்குகள் எல்லாரும் நிலாமின் வளவில் கூடினார்கள். பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்து, கஞ்சியைக் குடித்த பிறகு, பதியுதீன் விருந்தில் மிஞ்சித் திரும்பி வந்த சட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தார். பொறுமையாக மென்றார். நிலாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி நானா?"

"உப்பே இல்லடா."

நிலாம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பதியுதீனுக்குச் சிரிப்பு வந்தது. பகலெல்லாம் எரிந்த வயிற்றோடு அவர் சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உப்பைக் கரைத்துத் தெளித்துச் சட்டியைக் காலி பண்ணினார்கள். ஆனால் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. கேட்கவே இல்லை, கேட்கவே இல்லை என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலையில் பதியுதீன் தன் மேசைக்குப் போகாமல், நேரே சந்தியாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சேர், நேத்து ஆறு மணிக்கு ருசி பாத்தேன். நீங்க வரல்ல. அதான் சொல்லிட்டுப் போக வந்தேன். உப்பு இல்லதான்."

அறை முழுக்கப் பேனாக்கள் நின்றன. சந்தியாப்பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை. "சரி, சரி. போய் வேலையைப் பாரும்."

"பாக்கிறேன் சேர். அதுக்கு முந்தி ஒரு வேலை இரிக்குது. வாற வருஷமும் நோன்பு இதே மாசத்துலதான் வருது."

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு துரையின் கதவுப் பக்கம் நடந்தார். சந்தியாப்பிள்ளை கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எங்க போறீர்? என்ன எண்டாலும் என்னட்டச் சொல்லும். நான் துரையிட்டச் சொல்லுறன்."

"ஒங்களுக்கிட்ட சொன்னேன்தானே சேர்" என்றார் பதியுதீன். சொல்லிக்கொண்டே கதவைத் தட்டினார்.