ஏழு பேரின் பெட்டி

பாய் அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையெழுத்துப் போடும் நாளாயிற்றே! செங்கல்பட்டு கடைத்தெருவில், அவருடைய கேபிள் டிவி கடைக்கு மேலிருந்த அறையைத் தானே பெருக்கித் துடைத்து, ஊதுவத்தி வேறு கொளுத்தியிருந்தார். அணுபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்த எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நெட்வொர்க் பெட்டி. மதுராந்தகம், கல்பாக்கம், கடப்பாக்கம் என்று இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஏழு பேர், தங்கள் இணைப்புகள் ஒன்றோடொன்று நேரே சந்திக்கட்டும் என்று சேர்ந்து வைத்த எக்ஸ்சேஞ்ச். அதற்கு முன்னால், கல்பாக்கத்து மகள் கடப்பாக்கத்து அம்மாவோடு பேசும் வீடியோ கால்கூட சென்னைக்குப் போய்ச் சுற்றித்தான் வரும். பெட்டி வந்த பிறகு நேரே போனது. ஏழு பேருக்கும் அது பொது. அவரவர் கேபிளை அவரவர்தான் தொடலாம் என்பது எங்கள் சட்டம். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் நான்.

அதைத்தான் ஒரு பெரிய கம்பெனி வாங்க வந்திருந்தது. சிங்கப்பூரிலும் துபாயிலும் அவர்களுக்கு எக்ஸ்சேஞ்சுகள் உண்டாம், எங்களுடையதும் அந்த வரிசையில் சேருமாம். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. மற்ற ஆறு பேரும் முடிவை அவரிடமே விட்டுவிட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று ஒரு மாதம் சொல்லி வாய் வலித்துப்போய் நான் சும்மா இருந்தேன்.

கையெழுத்து வாங்க வந்திருந்த கம்பெனிக்காரர் முதலில் பெட்டியைப் போட்டோ எடுக்க வேண்டுமென்றார். பாய் முன்னால் ஓடிக் கேபிள்களை ஒழுங்கு செய்தார். போட்டோ எடுத்து முடிக்கவில்லை, போன்கள் அலறத் தொடங்கின. ஏழு பேர் இணைப்பும் படுத்துவிட்டது. கீழே டீ குடித்துக்கொண்டிருந்த ஆறு பேரும் படியேறி வந்து, யாருடையதில் கோளாறு என்று பார்க்க, சட்டப்படி, ஆளுக்கு ஒரு கேபிளாக உருவினார்கள். பாயும் தன்னுடையதை உருவினார். அப்படியும் பெட்டியில் இரண்டு விளக்குகள் மட்டும் பேய் பிடித்தது போல மின்னின. பார்த்தால், சோதனைக்காக நான் ஒரு முனை சொருகித் தொங்கவிட்ட குட்டிக் கேபிளின் மறுமுனையும் அதே பெட்டியில்! போனதெல்லாம் திரும்பி அதற்குள்ளேயே வந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா சொருவுனேன்," என்றார் பாய். "சும்மா தொங்கினு இருந்துச்சி. போட்டோல அசிங்கமா வுழும்னு..."

கேபிளைப் பிடுங்கினேன். எல்லோரும் தங்கள் கேபிளைச் சொருக, இணைப்பு வந்துவிட்டது. ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கம்பெனிக்காரரும் சிரித்தபடியே, தங்களிடம் இந்தத் தொல்லையே கிடையாது, வெளியாள் ஒருவரையும் அறைக்குள் விடமாட்டோம் என்று பெருமையாகச் சொன்னார்.

பாயின் சிரிப்பு நின்றது.

"நாங்களும் வெளியாளா சார்?"

ஆமாம் என்றார் அவர், வெள்ளந்தியாக. பாய் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மனிதருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துத்தான் வழியனுப்பினோம். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தில் இரண்டு பிளேட் சாப்பிட்டேன்.

இப்போது நாங்கள் பதினோரு பேர். போன வாரம் திருகோணமலைப் பக்கத்திலிருந்து சிலர் வீடியோ காலில் வந்தார்கள். எங்களைப் போலவே ஒன்று ஆரம்பிக்க வேண்டுமாம், முதலில் எந்தப் பெட்டி வாங்குவது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"பெட்டி கெடக்குது வுடுங்க. மொதல்ல ரூமுக்கு ஆளுக்கொரு சாவி போடுங்க."