தமிழ் மெனுவைச் சரிபார்த்தேன்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் பழகிய கை. தாளில் எழுதிப் படம் பிடித்து நம் குழுவில் போடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு, கேமராவில் ஆங்கிலத்தில் வந்த கேள்வியைப் படிக்கத் தெரியாமல் பொத்தானை அமுக்கி, குச்சனூரில் நான் எடுத்த கல்யாணப் படம் மொத்தத்தையும் அழித்துவிட்டேன். பெண்ணின் தகப்பனார் முகத்தில் இன்னும் விழிக்க முடியவில்லை.

தமிழில் மெனு போட்டால் எழுத்துப் படித்துக்கொள்கிறேன் என்று கேமரா கம்பெனி ஆளிடம் கேட்டேன். சிரித்தார்.

"தேனியில எத்தனை பேரு வாங்குறீக? விக்கிற ஊருக்குத்தான் பெரியவரே செய்வாக."

அதன்பின் கம்பம் வரை ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய், எல்லோரையும் வேறு கம்பெனிக்கு மாற வைத்தேன். எழுத்தும் படித்தேன்.

இன்று அந்தக் கம்பெனி ஆளே பழனிசெட்டிபட்டியில் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"உங்க பக்கம் விற்பனை படுத்துருச்சு. மேலிடத்துல தமிழ் போடச் சொல்லிட்டாக. சரியா இருக்கான்னு பாருங்கய்யா."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'படம் எடு' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'ஷூட்' என்பதை அப்படியே பெயர்த்து 'சுடு' என்று இருந்தது.

"பிரமாதமா இருக்கு. அப்படியே எல்லா ஊருக்கும் அனுப்புங்க."

சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். கைநாட்டு வைக்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால், அது எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்து, அடுத்த வாரம் நான் மறுபடி எழுதும்வரை 'சுடு' பற்றி வாயைத் திறக்காதீர்கள்.