சூடான கிளிசராலும் ஒரு திண்டுக்கல் பயணமும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பாக்டீரியாவின் உயிரைக் காப்பாற்றத் திண்டுக்கல் போனேன். மல்லிகைச் செடியின் வேரழுகலைத் தடுக்கும் நல்ல கிருமி அது. திண்டுக்கல் பக்கத்துச் சாணார்பட்டி முருகேசன் அண்ணன் தோட்டத்து மண்ணில் கிடைத்தது. போன மழையில் தண்ணீர் தேங்கி அவர் செடிகள் அழுகிப்போயின. மண்ணில் மறுபடி தேடியும் அது அகப்படவில்லை. திருச்சியில் எங்கள் ஆய்வகத்து ஃப்ரீசர் பழுதாகி, சரிசெய்வதற்குள் எங்களிடம் இருந்ததும் செத்தது. மிச்சம், திண்டுக்கல் கல்லூரியில் தோழி ஜரீனாவிடம் அது வளர்ந்திருந்த ஒரே ஒரு கண்ணாடித் தட்டு.

காலை ஆறு மணிப் பேருந்து. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வடமதுரையில் டீக்கு நின்றதையும் சேர்த்து இரண்டரை மணி நேரம். பேகம்பூரில் ஜரீனா வீட்டில் இடியாப்பமும் பாயாவும். (நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆய்வகத்துக்குள் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.)

முந்தின நாளே ஜரீனா தட்டில் இருந்ததையெல்லாம் சுரண்டிச் சத்துநீரில் வளர்த்து வைத்திருந்தாள். அந்தக் கலங்கல் நீரில் கிளிசரால் கலந்து, சின்னக் குப்பிகளில் அடைத்து, மைனஸ் எண்பது டிகிரியில் வைக்க வேண்டும். கிளிசரால் இல்லாவிட்டால் பனி ஊசிகள் உண்டாகிக் கிருமியைக் கிழித்துவிடும்.

கிளிசராலோ பிசுபிசுவென்று இறங்க மறுத்தது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து அப்போதுதான் எடுத்த இன்னொரு பாட்டிலில் அது தண்ணீராக ஓடியது. ஆகா என்று அதை ஊற்ற ஆரம்பித்தேன். ஜரீனா என் கையைப் பிடித்தாள்.

"அல்லாவே! சூடு ஆறலடி. செத்த நேரம் பொறுக்க மாட்டியா? வேக வச்சுட்டியேடி!"

பாதிக்கு மேல் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. மிச்சத்தில் ஆறு குப்பிகள் தேறின. மாலையில், உறைந்த ஒன்றைச் சுரண்டிப் புதுத் தட்டில் தேய்த்தோம்.

ஞாயிறு காலை தட்டு நிறைய வெண்புள்ளிகள்! ஜரீனாவைக் கட்டிக்கொண்டேன்.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு: உலர்பனிப் பெட்டியின் மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். அந்த வாயு மூச்சை அடைக்காமலிருக்க ஜன்னலோரம் உட்காருங்கள். குப்பிகளை இரண்டு ஊரில் பிரித்து வையுங்கள். கிளிசரால் விஷயத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பும் நேரத்தில் முருகேசன் அண்ணன் வந்தார். தட்டைக் காட்டினோம்.

"இம்புட்டுத்தானா? சரி, எப்பத் தருவீக?"

"பெருக்கித் தர ஒரு மாசம் ஆகும்ண்ணே. அதுக்கப்புறம் கன்னு வாங்கிக்கங்க."

"கன்னா? நேத்துக் காலையிலயே வாங்கியாந்துட்டேனே தாயி. நீங்க ரெண்டு பேரும் இந்த வேலைக்கு உக்காந்துட்டீகன்னு கேட்டதும் பொழச்சிரும்னு வச்சுக்கிட்டேன்."

நேற்றுக் காலை நான் சூட்டோடு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜரீனா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். திருச்சி வரும்வரை, என் பங்குக் குப்பிகள் இருந்த பெட்டியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.