முட்டைக்கோஸ் திருடி

நத்தைக்காரி என்றால்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளைத் தெரியும். எனக்கு அவள் அக்கா. ஒன்பது வருடமாக அவள் நத்தைகளுக்குத் தீனி போடுகிறாள், நான் பக்கத்து அறையில் குப்பிகள் கழுவுகிறேன். அவளைத் திருடி என்று சொன்ன வாய் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயம் இதுதான். நத்தை தின்பது அதன் ஓட்டில் சேரும். முட்டைக்கோஸில் இருக்கும் கார்பன் கொஞ்சம் லேசு ரகம், மக்காச்சோளத்தில் இருப்பது கொஞ்சம் கனத்த ரகம். ஓட்டைப் பொடித்து இயந்திரத்தில் வைத்தால் எதைத் தின்று வளர்ந்தது என்று தெரிந்துவிடும். இதைச் சோதிக்கப் பேராசிரியர் ஒரு நத்தைக் கூட்டத்துக்கு முட்டைக்கோஸ் மட்டும், இன்னொன்றுக்குச் சோளமாவு மட்டும் என்று வைத்திருந்தார்.

சோளக் கூட்டம் நடு மேசையில், கண்ணாடித் தொட்டிகளில். முட்டைக்கோஸ் கூட்டத்துக்குத் தொட்டி போதாமல் சுவரோடு சேர்த்து வலைக்கூண்டு அடித்திருந்தார்கள். கூண்டின் பின்பக்கம் வெறும் சுவர்தான். அக்கா ஒன்றைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றதைத் தொட மாட்டாள். "பெத்த பிள்ளைங்களுக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லையே நீ" என்று கிண்டல் செய்வேன்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. முட்டைக்கோஸ் நத்தைகளின் ஓட்டில் கனத்த கார்பன். பேராசிரியர் எல்லோரையும் கூட்டிவைத்து, அக்காவிடம் வாய் கூசாமல் கேட்டார்.

"முட்டைக்கோஸை வீட்டுக்குக் கொண்டு போயிட்டு இதுங்களுக்குச் சோளமாவைப் போட்டிருக்கே. அப்படித்தானே?"

"இல்ல சார். ஒரு இலைகூட..."

"மெஷின் பொய் சொல்லாது. வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ."

அக்கா அழவில்லை. என்னைக் கூண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"முட்டைக்கோஸ் தின்னா எச்சம் பச்சையா இருக்கும். சோளம்னா மஞ்சளா இருக்கும். இது ஏன்டி வெள்ளையா இருக்கு? நாலு மாசமா இப்படித்தான். சார்கிட்ட சொன்னேன். 'நத்தை கழியறதையெல்லாம் எங்கிட்ட சொல்லாதே'ன்னுட்டார்."

அப்போதுதான் எனக்குச் சுவர் கண்ணில் பட்டது. நாலு மாதம் முன்பு, பார்வையிட யாரோ வருகிறார்கள் என்று பேராசிரியர்தான் அதற்கு வெள்ளை டிஸ்டெம்பர் அடிக்கச் சொன்னார். அதில் பாதி சுண்ணாம்புக்கல் பொடி. கூண்டுக்குள் இருந்த இடம் மட்டும் நத்தைகள் கோடுகோடாகச் சுரண்டித் தின்று சிமென்ட் தெரிந்தது. சுண்ணாம்புக்கல்லிலும் கனத்த கார்பன்தான்.

குப்பி கழுவும் அமிலத்தை எடுத்து வந்து, பேராசிரியரைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னால் அந்த வெள்ளை எச்சத்தில் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புக்கல் அப்படித்தான் பொங்கும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டுமா? அவர் குனிந்து சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"பிரமாதம்! தீனியை மட்டும் பார்த்தா போதாது, சுவத்தையும் பார்க்கணும்! இதையே கட்டுரையா எழுதிடலாம்."

"என்னைத் திருடின்னு சொன்னீங்களே சார்?" என்றாள் அக்கா.

"அதான் தெளிவாயிடுச்சே. போய் வேலையைப் பாரு."

"அன்னிக்கு எல்லாரையும் கூட்டிவச்சுத்தானே சொன்னீங்க? அதே மாதிரி கூட்டிவச்சு, இல்லைன்னு சொல்லுங்க."

"அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்?"

வேலை தப்பியது. பெயர்? அடுத்த வாரம் ஆபீஸ் கிளார்க் அவளை வழிமறித்து இளித்தான்: "சுவத்தைத் தின்னுச்சு, சரி. அப்போ முட்டைக்கோஸ் எங்கே போச்சு?"

"ரெண்டையும்தான்டா தின்னுச்சு, முட்டாளே!" என்று நான் கத்தினேன்.

அவள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த காய் முட்டைக்கோஸ். இப்போது அவள் அதை வாங்குவதில்லை. கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கக் கூசுகிறதாம்.