வால்வுக்கு ஓட்டம் தடை

தெருமுனைப் பஞ்சர் கடைக்காரருக்குக் குமிழி என்று பெயர். டியூபில் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, எங்கிருந்து குமிழி வருகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஊசிமுனை ஓட்டைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அதே தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்த புழுக்களும் தப்பவில்லை. ஆனால் மனுஷனுக்கு அதில் ஒரு தத்துவம் இருந்தது. "உயிர் இருக்குற தண்ணிதான் நல்ல தண்ணி" என்பார். அதனால் தொட்டியை மாற்றுவதே கிடையாது. பின்கட்டில் குவிந்துகிடந்த பழைய டயர்களிலும் மழைத்தண்ணீர் அப்படியே நின்றது.

பிள்ளையில்லாத அந்த வீட்டுக்கு வால்வுதான் பிள்ளை. கடை வாசலில் குட்டியாக வந்து ஒண்டிய நாய். ஒட்டி முடித்த வண்டி கிளம்பினால் தெருக்கோடி வரை கூடவே ஓடிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். "நம்ம வேலைக்கு அதுதான் கேரண்டி" என்று குமிழி பீற்றிக்கொள்வார்.

வால்வு இருமத் தொடங்கியபோது, ரப்பர் நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டார். ஒருநாள் வண்டியைத் துரத்தப் போனது பாதித் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டது. குமிழி மனைவியையும் கூட்டிக்கொண்டு, நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

ரத்தத்தைச் சோதித்த மருத்துவரம்மா, "இதயத்துல புழு இருக்கு" என்றார்.

குமிழி துள்ளி எழுந்தார். "என் தொட்டித் தண்ணியக் குடிச்சிருக்கும் டாக்டர்! அதுலதான் புழுவா நெளியுது!"

"உட்காருங்க. அது கொசுவோட குஞ்சு. அதைக் குடிச்சா இது வராது. அது வளர்ந்து, பறந்து, நோய் இருக்குற வேற ஒரு நாயக் கடிச்சிட்டு வந்து உங்க நாயக் கடிச்சா வரும்."

"இவ்வளவு முடி இருக்கே, கொசு எப்படிங்க கடிக்கும்?"

"மூக்குல முடியா இருக்கு?"

மனைவி மெல்லக் கேட்டாள். "போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்து, மூட்டு மூட்டா கழண்டு போச்சே, டாக்டர்?"

"அது வேற நோய். ஆனா கொண்டுவந்தது கொசுவாத்தான் இருக்கும்."

அவள் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "பஞ்சர் கடைன்னு நெனச்சேன். நீங்க கொசுப் பண்ணையில்ல வச்சிருக்கீங்க!"

ஊசி போட்டால் புழு சாகும். ஆனால் செத்த புழு நுரையீரலின் ரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். அதனால் சில மாதங்களுக்கு வால்வு ஓடக்கூடாது. ஓடினால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவரம்மா. ஓடாதே என்றால் கேட்கிற பிறவியா அது?

அன்றைக்கே குமிழி தொட்டியைக் கவிழ்த்தார். நெளிந்தவை சூடான சிமெண்டில் துடித்து அடங்கின. அவர் பாவம் பார்க்கவில்லை. டயர்களின் தண்ணீரைக் கொட்டி, அவற்றைக் கூரைக்கு அடியில் அடுக்கினார். அதுமுதல் கடையடைக்கும் முன் தொட்டியைக் காலி செய்து தேய்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை.

ஊசி போட ஆரம்பித்ததும், கட்டிப்போட்டே பழகாத நாயைக் கட்டிப்போட்டார். காற்றடிக்கும் மெஷின் சத்தம் கேட்டால் போதும், வண்டி கிளம்பப் போகிறது என்று வால்வு கயிற்றை இழுக்கும். ஆகவே மெஷினை மூடிவைத்துவிட்டுக் கைப்பம்பால் அடித்தார்.

"நோவு நாய்க்கா உனக்கா? இப்படி மூச்சு வாங்குறியே!" என்று வாடிக்கையாளர்கள் கிண்டலடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டார். போகப்போக வால்வு கயிற்றை இழுப்பதையும் நிறுத்திவிட்டது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கடைசியாகச் சோதித்த அன்று, "புழு இல்லை, இனி ஓடலாம்" என்றார் மருத்துவரம்மா. குமிழி கடைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்தார். மெஷினைப் போட்டு ஒரு பைக்குக்குக் காற்றடித்தார். பைக் கிளம்பியது. வால்வு எழுந்தது, அவர் முகத்தைப் பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது.

குமிழிக்குக் கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, "வாடா வால்வு!" என்று கத்தியபடி பைக்கின் பின்னால் அவரே ஓடினார். தெருவே வேடிக்கை பார்த்தது. பாதித் தூரத்தில் மூச்சு முட்டி நின்றபோது, பின்னால் நகங்கள் தரையைக் கீறும் சத்தம் கேட்டது. அவர் திரும்புவதற்குள் வால்வு அவரைத் தாண்டிப் போயிருந்தது.